குடிதண்ணீரில் கழுவிய கதவு

என் நஸ்ரினின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நம் கண்டக்குழியில் பெண்கள் நீங்கள் அடங்கியிருக்கிற மையவாடிக்குப் போகிற வழக்கம் இல்லை. உங்கள் தம்பி கமால் வெள்ளிக்கிழமைகளில் போய் என் சலாமையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வருகிறார். ஆனால் அவரிடம் எவ்வளவைத்தான் சொல்லி அனுப்புவது? "மதினி கதவுக்குப் பெயின்ட் அடிச்சிட்டாங்க" என்ற அளவில் முடித்துவிடுவார். ஏன் இரண்டு தரம் அடிக்க வேண்டி வந்தது, நீங்களும் நானும் சேர்ந்து எவ்வளவு காலம் ஏமாந்திருந்தோம் என்பதையெல்லாம் அவர் சொல்ல மாட்டார். ஆகவே எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் பரவாயில்லை. ஊரே பார்த்த கதவு அது.

மாரி மழை ஓய்ந்த நாட்களில் ஒரு காலை. சுபஹ் தொழுதுவிட்டு வழமைபோல முன் ஜன்னலைத் திறக்கப் போனேன். பலகை அசையவில்லை. நீங்கள் மௌத்தான பிறகு இரண்டு மாரி போய்விட்டது. மரம் ஊதி, உரிந்த பெயின்ட் சுருண்டு, எல்லாம் சட்டத்தோடு இறுகிப்போயிருந்தது. முன்கதவை இழுத்தேன், அதுவும் வரவில்லை. சரி, வெயில் ஏறினால் மரம் தளரும் என்று பின்பக்கம் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.

நான் மறந்துபோனது ஒன்று. நம் ஒழுங்கையின் இருபக்க வீடுகளிலும் யார் நலமாக இருக்கிறார் என்பதை ஜன்னலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். வெயில் ஏறியும் ஜன்னல் திறக்காத வீட்டை யாராவது போய்த் தட்டுவார்கள். பக்கத்து வீட்டு ஹபீபா தட்டியிருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. தேநீர்க் கோப்பையோடு பின்வாசலால் வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தால், முற்றம் நிறைய ஆட்கள். கமால் கதவை நெம்ப அலவாங்கோடு நிற்கிறார். ஹபீபா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுகிறாள்.

"என்ன இது? ஆரு மௌத்து?" என்று கேட்டேன்.

ஹபீபா திரும்பிப் பார்த்தாள். "நீங்கதான் டீச்சர்!" என்றாள்.

சிரிப்பு வந்தது. ஆனால் அதற்குள் அவள் மதுரங்குளிக்குப் போன் எடுத்துவிட்டாள். நம் மகள் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்து இறங்கினாள். என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுகை முடிந்ததும் கோபம் வந்தது. உங்கள் கோபம்தான் அவளுக்கு. மெதுவாக வரும், வந்தால் போகாது.

"இந்தக் கதவப் பாருங்க உம்மா. சொறி புடிச்ச மாதிரி இரிக்கி. நாளைக்கு உள்ளுக்கு விழுந்து கெடந்தா ஆரு தொறக்கிற? நீங்க தனிய இருக்க ஏலாதுன்னு நான் சொல்லல்ல. கதவு சொல்லுது."

"கதவுக்குப் பெயின்ட் அடிச்சா சரியாகும்."

"ஆரு அடிக்கிற? வாப்பாவா வந்து அடிப்பாரு?"

சொன்ன பிறகு அவளே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.  வகுப்பில் ஒரு பிள்ளை தவறான விடையைச் சத்தமாகச் சொல்லிவிட்டால், சற்று நேரம் அதை அப்படியே விட்டுவிட வேண்டும். பிள்ளையே திருத்திக்கொள்ளும். நஸ்ரின் திருத்திக்கொண்டாள், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"சரி. நோன்புப் பெருநாளைக்கு நான் வருவேன். கதவும் ஜன்னலும் ஒத்த வெரலால தொறக்கணும். பெயின்ட் ஒரு இடத்திலயும் உரியக் கூடாது. ஆளப் புடிச்சு அடிப்பிச்சா கணக்கில்ல. எல்லாம் சரியா இருந்தா இந்தக் கதையப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி பெருநாள் முடிய என்னோட மதுரங்குளிக்கு வாறீங்க. அலுமாரியோட."

"ஓம்" என்றேன். இவ்வளவு சுருக்கமாக நான் எதற்கும் சம்மதித்ததில்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். உண்மைதான்.

மகள் வீட்டில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. மருமகன் தங்கமானவர். ஆனால் அது அவள் வீடு. இது என் வீடு. கலியாணத்தன்று என் வாப்பா இந்த வீட்டை எனக்குத் தந்தார், நீங்கள் ஒரு பெட்டியோடு இதற்குள் வந்தீர்கள். "வீடு டீச்சர்ட, கதவு மட்டும் என்ட" என்று நீங்கள் பகிடியாகச் சொல்வீர்களே, நினைவிருக்கிறதா? ஒவ்வொரு வருடமும் நோன்புக்கு முன்னால் வள்ளத்துக்குப் பெயின்ட் அடித்து, மிஞ்சியதைக் கதவுக்கும் ஜன்னலுக்கும் அடிப்பீர்கள். ஒவ்வொரு வருடமும் கடலிலிருந்து வீசுகிற சோளகக் காற்று முடியுமுன் அது உரிந்துவிடும்.

இந்த வீட்டை நான் உங்கள் நினைவிடமாக வைத்திருக்க நினைக்கவில்லை. அப்படிச் சொன்னால் நஸ்ரின் நம்பியிருப்பாள், இரக்கப்பட்டிருப்பாள். எனக்கு அந்த இரக்கம் வேண்டியிருக்கவில்லை. நான் இங்கே வாழ்ந்துகொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். கருவாடு விற்கப் போகிற பெண்களுக்கு முன் அறையில் சிங்களம் சொல்லிக்கொடுக்கிறேன். ஹபீபாதான் முதல் மாணவி. விலை பேசுகிற சிங்களம் அவளுக்கு நன்றாக வந்துவிட்டது, விலையைக் குறைக்கச் சொன்னால் மட்டும் இன்னும் விளங்குவதில்லை. நான் போய்விட்டால் அவர்கள் எங்கே போய் உட்காருவார்கள்?

இன்னொன்றும் உண்டு. நீங்கள் போனபின் வெளியே இறங்காமல் இத்தா இருந்த நான்கு மாதமும் பத்து நாளும் ஒழுங்கைப் பக்கத்து ஜன்னல்களைப் பூட்டியே வைத்திருந்தேன். பலகைகளின் உட்புறத்தை அப்போதுதான் அவ்வளவு நேரம் பார்த்தேன். எந்த இடுக்கால் எந்த நேரம் வெயில் வரும் என்பதுவரை தெரியும். இத்தா முடிந்த அன்று அவற்றை நானே திறந்தேன். திறந்த கையால் மறுபடி மூடிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

வேலையைத் தொடங்கினேன். ஹாட்வெயார் கடையில் சுரண்டுகிற தகடு, மணல் கடதாசி, பிரைமர், பிரஷ் எல்லாம் வாங்கினேன். கமால் வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலத்தைக் கொண்டுவந்து தந்தார். வேண்டாம் என்றேன். அண்ணனை நினைத்து அவர் முகம் வாடிப்போனது.

"எங்கட நானா எப்பவும் இதத்தானே மதினி அடிப்பாரு?"

"அதனாலதான் வேணாம். இந்த முறை மிச்சத்த அடிக்கிறதில்ல. கதவுக்குன்னே வாங்கப் போறன்."

மஞ்சள் வாங்கினேன். ஓம், மஞ்சள்தான். மஞ்சள் கடைக்கு அடிக்கிற நிறம் என்று நீங்கள் சொல்வீர்கள். ஹபீபாவும் அதையே சொன்னாள். "வாழப்பழக் கட மாதிரி இரிக்கி டீச்சர்." இருக்கட்டும் என்றேன். காலையில் வெயில் படும்போது வந்து பார், பிறகு சொல் என்றேன்.

ஊரில் வேறு கதை பரவியது. நம் பக்கத்தில் கலியாணம் இல்லாத வீட்டில் யார் புதுப் பெயின்ட் வாங்கிப் பூசுகிறார்கள்? நான் ஸ்டூலில் ஏறி நின்று தேய்த்துக்கொண்டிருந்தபோது ஹபீபா கீழே நின்று கேட்டாள்.

"டீச்சர், ஊரெல்லாம் கேக்குறாங்க. கலியாணமாமே, ஆருக்கு?"

"எனக்குத்தான்னு சொல்லு."

"அஸ்தஃபிருல்லாஹ்! நான் சொல்ல மாட்டேன். சொன்னா நம்பிருவாங்க."

நீங்கள் செய்வதைப் பார்த்துப் பழகியவள் நான். ஆகவே நீங்கள் செய்த அதே வரிசையில் செய்தேன். உரிந்ததைச் சுரண்டினேன். தேய்த்தேன். பிறகு கிணற்று மோட்டாரைப் போட்டு வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்துக் கழுவினேன். "நல்லாக் கழுவினாத்தான் டீச்சர் பெயின்ட் புடிக்கும்" என்று நீங்கள் சொல்வீர்களே, அப்படியே. உங்களைவிட ஒரு வாளி கூடுதலாகவே ஊற்றினேன். கடலைப் பார்த்த அறை ஜன்னலைக் கழுவப் போன அன்று கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. காத்திருக்கப் பொறுமையில்லாமல் குடிக்கிற கேன் தண்ணீரில் துணியை நனைத்து அதை மட்டும் துடைத்துவிட்டேன். கழுவாமல் விட்டதுபோல மனம் உறுத்தியது. அந்த ஜன்னல்தான் முதலில் உரியப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

காயவைத்து, பிரைமர் அடித்து, இரண்டு பூச்சுப் பூசி முடித்தேன். நோன்பு பிறக்கச் சில நாட்கள் இருந்தன. படம் எடுத்து நஸ்ரினுக்கு அனுப்பினேன். "மாஷா அல்லாஹ்" என்று எழுதியிருந்தாள். கீழே இன்னொரு வரி: "பெருநாளைக்குப் பாப்பம்."

பாதி நோன்பு போவதற்குள் கொப்புளம் கிளம்பியது.

முதலில் முன்கதவின் கீழ்ப் பாதியில், பயறு அளவில். பிறகு முன் ஜன்னல்களில். பிறகு முற்றத்துப் பக்கம். விரலால் அழுத்தினால் உள்ளே காற்று இருப்பது தெரிந்தது. கதவடியில் உட்கார்ந்துவிட்டேன். பசியும் தாகமும் அப்போதுதான் ஒன்றாகத் தெரிந்தன. அலுமாரியை எந்தப் பக்கத்தால் வெளியே எடுப்பது என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்.

ஹபீபா பார்த்துவிட்டு யோசனை சொன்னாள். "மேலால இன்னொரு பூச்சுப் பூசுங்க டீச்சர். பெருநாள் வரைக்கும் நிக்கும். அதுக்குப் பொறகு உரிஞ்சா ஆருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சா என்ன, மார்க்கு போடுறது நஸ்ரின்தானே."

கெட்டிக்காரி. ஆனால் நான் வாழ்நாளெல்லாம் பிள்ளைகளிடம் விடையை மட்டும் வாங்கியவள் அல்ல. செய்து காட்டிய வழியையும் கேட்டவள். விடை பிழைத்தால் வழியைப் பின்னோக்கிப் பார் என்று சொன்னவள். ஆகவே எழுந்து வீட்டைச் சுற்றி நடந்தேன். ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தேன்.

ஓர் இடத்தில் நின்றேன். கடலைப் பார்த்த அறை ஜன்னல். அதில் ஒரு கொப்புளமும் இல்லை. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை.

நமக்கு இத்தனை காலமும் ஒரே விளக்கம்தான் இருந்தது, இல்லையா? "கடல் தின்னுது டீச்சர், நம்ம என்ன செய்யிற?" என்பீர்கள். கடற்காற்றில் உப்பு, உப்பு பெயின்டை உரிக்கும் என்று நானும் தலையாட்டுவேன். அப்படியென்றால் கடலுக்கு முகம் காட்டி நிற்கிற ஜன்னல்தானே முதலில் உரிய வேண்டும்? காற்றே படாத முற்றத்து ஜன்னல் ஏன் உரிகிறது?

ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பிள்ளைகளுக்கு நான் சொல்கிற உதாரணம் உங்களுக்கே மனப்பாடம். இரண்டு பயற்றஞ் செடி. ஒரே மண், ஒரே தண்ணீர், ஒன்று வெயிலில், மற்றது அலுமாரிக்குள். எது வேறோ அதில்தான் காரணம் இருக்கும். இங்கே எல்லா ஜன்னலுக்கும் ஒரே பெயின்ட், ஒரே பிரஷ், ஒரே கை. எது வேறு?

கழுவிய தண்ணீர்.

முன்கதவுக்குத் திரும்பி வந்து ஒரு கொப்புளத்தைக் கிள்ளி எடுத்தேன். பெயின்ட் தோலைப்போலக் கழன்று வந்தது. அதன் உட்புறத்தில் மெல்லிய வெள்ளைத் தூள். அதன் கீழே, எட்டாமல் விட்டுப்போன உங்கள் பழைய நீலம் கொஞ்சம் இருந்தது. அதையும் பெயர்த்தேன். அதற்கடியிலும் வெள்ளை. அதற்கும் கீழே ஒரு பச்சை, பச்சைக்கும் அடியில் வெள்ளை. ஒவ்வொரு வருடத்துப் பூச்சுக்கும் கீழே அதே தூள்.

நாக்கில் வைத்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் நோன்பு. நடுப்பகல் லுஹர்கூட ஆகவில்லை.

"நாக்குல வச்சுட்டுத் துப்புங்க, நோன்பு முறியாது" என்று ஹபீபா பத்வா கொடுத்தாள். எனக்கு மனம் வரவில்லை. அந்தத் துண்டை ஒரு பீங்கானில் வைத்து மூடினேன். அன்றைய பகல் எவ்வளவு நீளம் என்று நினைக்கிறீர்கள்? கஞ்சி காய்ச்சினேன், ஓதினேன், நாலு முறை போய் மூடியைத் திறந்து பார்த்தேன். மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழம், ஒரு மிடறு கேன் தண்ணீர், அதற்கடுத்து நம் வீட்டுக் கதவு. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு. நம் புத்தளத்து உப்பு!

துப்பிவிட்டு வாய் கொப்பளித்தேன். ஆனாலும் உறுதிப்படுத்த வேண்டும் அல்லவா? மறுநாள் கறுத்த தாச்சி இரண்டை எடுத்து ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் கேன் தண்ணீர் கொஞ்சம் ஊற்றி வெயிலில் வைத்தேன். உப்பளத்துப் பாத்தியை உதாரணம் காட்டி ஆவியாதல் சொல்லிக்கொடுத்தவள், சொந்த வீட்டுக் கிணற்றுக்கு அதைச் செய்து பார்த்ததில்லை. வெயில் சாய்ந்தபோது ஒரு தாச்சி வெறுமையாக இருந்தது. மற்றதில் வெள்ளை வளையம், பிறை மாதிரி.

நஸ்ரினின் வாப்பா, நம் கிணறு உப்பு. அது எப்போது உப்பானதோ தெரியாது. கொஞ்சங் கொஞ்சமாக ஆகியிருக்கும், நம் நாக்கும் கொஞ்சங் கொஞ்சமாகப் பழகியிருக்கும். "கண்டக்குழியிலயே நம்ம கெணறுதான் தேன்" என்று நீங்கள் ஊருக்கெல்லாம் பெருமை சொல்வீர்களே. நீங்கள் நோயில் விழுந்த பிறகு டாக்டர் சொன்னதற்காகக் குடிக்க மட்டும் கேன் தண்ணீர் வாங்கினோம். தேநீருக்கும் சோற்றுக்கும் கிணறுதான். கதவில் படிந்த கடல் உப்பைக் கழுவக் கிணற்று உப்பையே ஊற்றினோம். நன்றாகக் கழுவக் கழுவ நன்றாக ஏற்றினோம். பிறகு உரிந்ததற்குக் கடலின்மேல் பழி போட்டோம். பாவம் கடல்.

இப்போதுதான் வேறொன்றும் விளங்கியது. நஸ்ரினைப் பெண் பார்க்க வந்தவர்கள் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்களே. பெண் பிடிக்கவில்லை என்று நாம் இரண்டு பேரும் சாப்பிடாமல் இருந்தோமே. பெண் அவர்களுக்குப் பிடித்துத்தான் இருந்திருக்கிறது.

எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். இந்த முறை மரம் தெரியும்வரை சுரண்டினேன். மஞ்சள், நீலம், பச்சை, கத்தரிப்பூ நிறம், எல்லாம் போனது. உங்கள் பூச்சில் ஒரு துளிகூட நான் வைத்துக்கொள்ளவில்லை. ஞாபகத்துக்கு ஓர் ஓரத்தில் விட்டால் என்ன என்று மனம் கேட்டது. விட்டால் அதன் அடியில் உப்பும் இருக்கும். உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொள்ள வேண்டியது அது அல்ல என்று தோன்றியது. கீழே மரம் நன்றாக இருந்தது. ஒரு புழுத் துளை இல்லை.

விடியுமுன் சஹர் செய்து, சுபஹ் தொழுது, வெயில் ஏறும்வரை வேலை. பிறகு மாலை அஸருக்குப் பின் கொஞ்சம். தலை சுற்றினால் ஸ்டூலை விட்டு இறங்கிவிடுவேன். வீரம் காட்டி விழுந்தால் நஸ்ரினின் பேச்சு உண்மையாகிவிடும். கேன் தண்ணீரைத் துணியில் நனைத்துத் துடைத்தேன், காயவிட்டேன், இன்னொரு துணியால் மீண்டும் துடைத்தேன்.

ஹபீபா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "குடிக்கிற தண்ணியிலயா டீச்சர் கதவக் கழுவுற?"

"நானும் குடிக்காமத்தான் இரிக்கிறன். கதவாவது குடிக்கட்டும்."

அவளுக்குத் தாச்சியைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய்த் தன் தாச்சியைக் கொண்டுவந்து வெயிலில் வைத்தாள். அடுத்த நாள் ஒழுங்கையில் பல வாசல்களில் தாச்சி காய்ந்தது. ஓய்வுபெற்ற பிறகு நான் எடுத்த மிக நல்ல பாடம் அது.

கதவைக் கடைசியில் பூசினேன். பூசிய கதவை மூடினால் சட்டத்தோடு ஒட்டிவிடும், அதுதானே முதல் வில்லங்கம்? இடையில் தென்னை மட்டைத் துண்டொன்றைச் செருகிப் பகல் முழுவதும் திறந்தே வைத்தேன். முற்றத்தில் யாரையும் வரவிடாமல் ஹபீபா காவல் இருந்தாள். ஆட்கள் வரவில்லை, கழுதை வந்தது. நம் ஒழுங்கையில் சுற்றித்திரிகிற அந்தச் சாம்பல் கழுதைதான். ஹபீபா அஸர் தொழப் போன நேரம் பார்த்து வந்து, கதவில் விலாவை நன்றாக உரசிவிட்டுப் போய்விட்டது. கதவில் கழுதை மயிர், கழுதையில் மஞ்சள் பட்டை. மயிரைப் பொறுக்கித் தேய்த்து மீண்டும் பூசினேன். கழுதை இப்போதும் மஞ்சள் பட்டையோடுதான் திரிகிறது. கடற்கரை லொட்ஜுக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் அதைப் படம் பிடிக்கிறார்கள். கழுதையிலும் பெயின்ட் உரியவில்லை என்று கமால் சொல்கிறார்.

பெருநாளுக்கு முதல் நாள் நஸ்ரின் வந்தாள். மருமகன் வாகனத்திலிருந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தார். அவள் எனக்கு சலாம் சொல்லிவிட்டு உள்ளே வராமல் கதவடியில் நின்றாள். ஒற்றை விரலை வைத்துத் தள்ளினாள். கதவு சத்தமில்லாமல் திறந்தது. ஜன்னல் ஒவ்வொன்றாகத் திறந்து மூடினாள். கதவின் கீழ்ப் பகுதியில் குந்தி, நகத்தால் சுரண்டினாள். நான் பரீட்சை மண்டபத்தில் நிற்கிற பிள்ளையைப்போல நின்றேன். 

எழுந்தாள். சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. குசினிக்குள் போய்க் கதிரையில் உட்கார்ந்தாள்.

தேநீர் போடக் கேத்தலை எடுத்தேன். கிணற்றுப் பைப்பைத் திறக்கப் போன கை தானாக நின்றது. அதற்குள் அவள் மெதுவாகச் சொன்னாள். "கேன் தண்ணில போடுங்க உம்மா."

திரும்பிப் பார்த்தேன். "உனக்குத் தெரியுமா?"

"மதுரங்குளிக்குப் போயி முதல் தரம் திரும்பி வந்து குடிச்ச அன்டைக்கே தெரியும். உப்பு. உங்கட மருமகனுக்கும் தெரியும். அவரு பூச்சாடிக்குள்ள ஊத்திட்டு வருவாரு."

"ஏன் சொல்லல்ல?"

"வாப்பாட கெணறு. எப்பிடிச் சொல்ற? அவருட மொகம் எப்பிடிப் போகும்?"

உங்கள் மகள் உங்கள் மனம் நோகக் கூடாது என்று அத்தனை தேநீரையும் குடித்திருக்கிறாள். நாமோ கதவை உரியவிட்டுக்கொண்டே இருந்தோம். அன்பினால் வாயை மூடிக்கொள்கிறவர்கள் ஒரு வீட்டில் இத்தனை பேரா?

அப்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இந்தப் பந்தயத்தில் நான் வென்று அவள் வாயை மூடினால், இன்னொரு பூச்சின் அடியில் இன்னொரு உப்பு. கேத்தலை வைத்துவிட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"நான் இங்கதான் இருப்பன் மகள். அது முடிஞ்ச கத. ஆனா நீ வாயத் தொற. என்ன பயம்னு சொல்லு."

அவள் மேசைச் சீலையின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "காலையில போன் வந்தா எனக்கு எடுக்கவே பயமா இரிக்கி உம்மா. வாப்பாட சேதியும் காலையிலதான் வந்திச்சு. அன்டைக்கு ஹபீபா ராத்தாட நம்பரப் பாத்த உடன…"

  கதவின் பெயின்டைப் பற்றி அவள் உண்மையில் ஒருநாளும் பேசவில்லை. எனக்குத்தான் அது விளங்காமல் போயிருந்தது.

"அப்ப காலையில முதல் போன் என்டதா இருக்கட்டும்" என்றேன். "சுபஹ் முடிஞ்சு ஜன்னல் தொறந்த உடன ஒரு படம் எடுத்து அனுப்புறன். தொறந்த ஜன்னல். ஒவ்வொரு நாளும். படம் வராட்டி மட்டும் அலவாங்கோட கமால அனுப்பு."

அழுதுகொண்டே சிரித்தாள். "மஞ்சள் நல்லா இரிக்கி உம்மா" என்றாள். "வாப்பா பாத்தா ஏசுவாரு."

ஏசுவீர்களா?

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் படம் போகிறது. சோளகம் தொடங்கிவிட்டது. பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்று கடல்மேல் ஓடுகிற வெள்ளைக்காரர்கள் வந்துவிட்டார்கள், மணல் பறக்கிறது, இரவில் கூரை முனகுகிறது. முன்பெல்லாம் இந்த நாட்களில் பெயின்ட் செதில் செதிலாக முற்றத்தில் கிடக்கும். நான் கூட்டிக்கொண்டு முணுமுணுப்பேன், நீங்கள் கேட்காததுபோல வலை பின்னுவீர்கள். இன்று காலை முற்றத்தைக் கூட்டினேன். மணல் மட்டும்தான்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. பெயின்ட் உரியாவிட்டால், அடுத்த வருடம் நோன்புக்கு முன்னால் வரும் அந்த நாட்களில் நான் என்ன செய்வது? தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நீங்கள் பிரஷைத் தேடுகிற நாட்கள் அவை. "டீச்சர், பிரஷ் எங்க?" என்ற சத்தம் வரும் நாட்கள்.  இருந்துதான் பார்க்க வேண்டும்.

ஒரு வாக்குத் தருகிறேன். காற்று ஓய்ந்ததும் எல்லாப் பலகைகளையும் கேன் தண்ணீரில் துடைப்பேன். கதவுப் பிணைச்சல்களுக்கு எண்ணெய் விடுவேன். என் கைக்கு ஏலும்வரை இந்தக் கதவை உள்ளிருந்து நானே திறப்பேன். ஏலாத நாள் வந்தால் மறைக்க மாட்டேன். அதையும் மகளிடம் வாயைத் திறந்து சொல்வேன், உப்பை விழுங்கிக்கொண்டு இருக்க மாட்டேன். அதுவரை கடலால் வருகிறவர்களுக்குக் கண்டக்குழியில் ஒரு மஞ்சள் ஜன்னல் காலையில் திறந்திருக்கும். அதற்குள் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் கபுறை அல்லாஹ் விசாலமாக்கி வைக்கட்டும்.

இப்படிக்கு,
கதவையும் தன்னுடையதாக்கிக்கொண்ட
உங்கள் டீச்சர்,
நஸ்ரினின் உம்மா